ஊறுகாய் போட்ட தோலும் ஓடாத சாயமும்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,



உங்கள் வகுப்பில் 'லாஸ்ட் பெஞ்சு' என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஆனால் ஆம்பூரில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் அம்மா, காலையில் கம்பெனி வேன் ஏறிப் போய் நாள் முழுக்கக் கையாளும் பொருளின் பெயரும் லாஸ்ட்தான். அங்கே அது கடைசி அல்ல; பாதத்தின் வடிவில் வார்த்த பிளாஸ்டிக் அச்சு. தைத்து முடித்த மேல்தோலை அதன்மேல் இழுத்துப் பொருத்தினால்தான் ஷூவுக்கு உருவம் வரும். அந்த வேலைக்கு லாஸ்டிங் என்று பெயர்.

ஆங்கிலத்தில் லாஸ்ட் மூன்று. கடைசி என்ற பொருளில் வருவது, 'லேட்' என்ற சொல்லின் பழைய உச்ச வடிவம் தேய்ந்து உண்டானது. நீங்கள் கரும்பலகையில் எழுதும் லேட், லேட்டர், லேட்டஸ்ட் வரிசைக்கு உறவு. ஷூ அச்சைக் குறிப்பது, பழைய ஆங்கிலத்தில் காலடித் தடத்துக்கு இருந்த சொல்லிலிருந்து வந்தது. நீடித்து உழைப்பதைச் சொல்லும் வினையும் அதே தடத்திலிருந்து கிளைத்ததுதான்: தடத்தைப் பிடித்துக்கொண்டே போவது, விடாமல் தொடர்வது, பிறகு நீடிப்பது. ஆக, அச்சும் நீடிப்பதும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். கடைசி மட்டும் வேறு வீடு. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவிடலாம்: 'த லாஸ்ட் ஷூ ஆஃப் த லாஸ்ட் ஷுட் லாஸ்ட்.' அச்சிலிருந்து கடைசியாகக் கழற்றிய ஷூவும் நீடித்து உழைக்க வேண்டும். இலக்கணப் பயிற்சிக்கும் ஆகும், ஏற்றுமதி கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு அறையில் ஒட்டிவைக்கவும் ஆகும்.

இந்த மடல் சொல்ல வருவது இதுதான். ஆங்கிலத்தின் சின்னச் சின்னச் சொற்கள் எப்படியெல்லாம் விளையாடும் என்று காட்ட, லண்டன் பூங்காவையும் பனிக்கால ஆப்பிள் தோட்டத்தையும் உதாரணமாகத் தேட வேண்டாம். பேரணாம்பட்டிலிருந்து இராணிப்பேட்டை வரை பாலாற்றுப் படுகையின் ஊர்களில், உங்கள் மாணவர்களின் வீடுகளிலேயே அந்தச் சொற்கள் புழங்குகின்றன. பாடநூல் மாநிலம் முழுமைக்கும் பொதுவானது. ஆம்பூருக்கென்று ஒரு பக்கத்தை அதில் எதிர்பார்க்க முடியாது. அந்தப் பக்கத்தை நீங்கள்தான் எழுத வேண்டும்.

இந்த ஊர்களுக்கு ஆங்கிலம் பள்ளிக்கூடம் வழியாக மட்டும் வரவில்லை. தோல் மூட்டை வழியாகவும் வந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்டுச் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் போன தோலுக்கு அங்கே 'ஈஸ்ட் இந்தியா' என்றே பெயர் விழுந்தது. இன்றைக்கும் 'இ.ஐ. லெதர்' என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸுக்கு மேல்தோலாகப் போனது 'இ.ஐ. கிப்'. கன்றுத்தோலைவிடப் பெரியதாகவும் முழு மாட்டுத்தோலைவிடச் சிறியதாகவும் இருப்பது கிப். இதே சொல் இங்கிலாந்தின் பேச்சு வழக்கில் தூக்கம். லாவோஸ் நாட்டில் கிப் என்பது நாணயம். லண்டன்காரர் ஒருவர் கிப் போடப் போகிறேன் என்று எழுந்தால், அவர் தோல்மண்டிக்குக் கிளம்பவில்லை, படுக்கைக்குப் போகிறார்.

இனி, ஊரார் 'தோல் ஷாப்' என்று சொல்லும் டேனரிக்குள் போகலாம். உப்புப் போட்டு வந்த தோலை முதலில் தண்ணீரில் ஊறவைப்பார்கள். அடுத்து சுண்ணாம்பு. அதில் கிடந்தால் மயிர்க்கால் இளகி ரோமம் கழன்றுவரும்; இதற்கு லைமிங் என்று பெயர். பிறகு சுண்ணாம்பை நீக்கி, என்சைம் கொண்டு தோலை மிருதுவாக்கி, உப்பும் அமிலமும் கலந்த நீரில் போடுவார்கள். இது பிக்ளிங். ஓட்டலில் 'லைம் பிக்கிள்' என்று கேட்டால் எலுமிச்சை ஊறுகாய் வரும். தோல் ஷாப்பிலோ லைமும் பிக்கிளும் ஒன்றையடுத்து ஒன்று வரும் இரண்டு கட்டங்கள். முதலாவது காரம், இரண்டாவது புளிப்பு. சுண்ணாம்பைக் குறிக்கும் லைம், ஒட்டும் பசைக்கு இருந்த பழைய ஆங்கிலச் சொல். பழத்தைக் குறிக்கும் லைம் அரபு மொழியிலிருந்து கப்பலேறி வந்தது. போதாக்குறைக்கு, இங்கிலாந்துச் சாலையோரங்களில் நிற்கும் லைம் மரத்தில் எலுமிச்சை காய்க்காது. அது 'லிண்டன்' என்ற வேறொரு மரம். 'லிண்ட்' என்ற அதன் பழைய பெயர் சிதைந்து லைம் ஆயிற்று.

பிக்ளிங் முடிந்ததும் குரோம். 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து குரோம் பதனிடல் தொழிலாக வளர்ந்தது. குரோமிய உப்பு ஏறிய ஈரத்தோல் வெளிர்நீலமாக இருக்கும். அதற்குப் பெயர் 'வெட் புளூ'. உங்கள் மாணவருக்கு குரோம் என்றால் கைப்பேசியில் தட்டித் திறக்கும் வட்டச் சின்னம். அவருடைய தாத்தாவுக்கு அது டிரம்மில் கொட்டும் பச்சைத் தூள். இரண்டுக்கும் மூலம் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். டிரம் என்பதும் அப்படித்தான். மாணவருக்கு அடிக்கும் மேளம், தாத்தாவுக்கு ஆள் உயரத்துக்கு மேல் உருளும் மர உருளை.

வெட் புளூவைச் செதுக்கி ஒரே கனத்துக்குக் கொண்டுவருவது ஷேவிங். எண்ணெய்ச் சத்து ஏற்றி இளக்குவது 'ஃபேட் லிக்கர்'. லிக்கர் என்று பார்த்ததும் சிரிக்க வேண்டாம். திரவம் என்ற பழைய பொருளிலேயே அந்தச் சொல் டேனரியில் தங்கிவிட்டது, வெளியேதான் அது சாராயக் கடைக்குக் குடிபோயிற்று. உலர்த்தி எடுத்தால் 'கிரஸ்ட்'. ரொட்டியின் மேலோட்டுக்கும் அதே பெயர். தோலின் மேற்பரப்பு 'கிரெயின்'. நெல்லும் கோதுமையும் கிரெயின்தான். பிரிட்டிஷ் ஷூ அளவுகூடத் தானியத்தில்தான் நிற்கிறது. ஏழாம் நம்பருக்கும் எட்டாம் நம்பருக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு வாற்கோதுமை மணியின் நீளம்.

லைம், பிக்கிள், லிக்கர், கிரஸ்ட், கிரெயின் என்று வரிசையாகப் படித்தால் ஓட்டல் மெனு மாதிரி இருக்கிறது. கறி மட்டும்தான் குறை என்று தோன்றலாம். அதுவும் இருக்கிறது. பதனிட்ட தோலுக்கு எண்ணெய் தேய்த்து, தட்டி, சீவிப் பக்குவப்படுத்தும் வேலைக்கு ஆங்கிலத்தில் 'கரியிங்' என்று பெயர். அதைச் செய்பவர் 'கரியர்'. இது பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. சாப்பிடும் 'கரி' நம்முடைய கறி. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போன சொல், லண்டனில் இறங்கியபோது தன் பெயரிலேயே தோல் வேலைக்காரர் ஒருவர் ஏற்கெனவே குடியிருப்பதைக் கண்டது. எழுத்தும் ஒலியும் ஒன்று, உறவு கிடையாது. காக்கா பிடிப்பதற்கு ஆங்கிலேயர் சொல்லும் 'கரி ஃபேவர்' என்ற தொடரிலும் நம் கறி இல்லை. இடைக்காலப் பிரெஞ்சுக் கதையொன்றில் ஃபோவேல் என்று ஒரு குதிரை. அதன் காலில் விழாதவர் கிடையாது. அரசர் முதல் எல்லோரும் அதைத் தேய்த்துவிடப் போட்டி போடுவார்கள். ஃபோவேலுக்குத் தேய்ப்பது காலப்போக்கில் ஃபேவருக்குத் தேய்ப்பது என்று மாறிவிட்டது. பிரியாணிக்குப் பேர்போன ஆம்பூரில், மட்டன் கறியையும் தோல் கரியிங்கையும் ஒரே கரும்பலகையில் எழுதிக் காட்டும் வாய்ப்பு உங்களுக்குத்தான் இருக்கிறது.

'பஃப்' இன்னும் சுவையானது. ஆம்பூர்ச் சந்தையில் 'பஃப் காஃப்' என்றால் எருமைக்கன்றுத் தோல். பஃப் என்பதே எருமையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் குறுக்கம். எருமைத்தோல் மங்கிய மஞ்சளாக இருந்ததால் அந்த நிறம் பஃப் ஆயிற்று. அந்தத் தோலால் தேய்த்து உலோகத்துக்குப் பளபளப்பு ஏற்றியதால் தேய்ப்பதும் பஃப் ஆயிற்று. இன்று தோல் ஷாப்பில் உப்புத்தாள் ஒட்டிய உருளையில் தோலின் முகத்தைத் தேய்க்கும் இயந்திரத்துக்கு பஃபிங் மெஷின் என்று பெயர். நியூயார்க்கில் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் பஃப் நிறக் கோட்டுப் போட்டிருந்தார்கள். தீப்பிடித்தால் வேடிக்கை பார்க்க ஓடும் ஆசாமிகளுக்கு, அந்தக் கோட்டைப் பார்த்துப் பஃப் என்று பட்டப்பெயர் வந்தது. அங்கிருந்துதான் 'ஃபிலிம் பஃப்', 'கிரிக்கெட் பஃப்' எல்லாம். எருமையில் தொடங்கி சினிமாப் பைத்தியத்தில் வந்து நிற்கும் சொல் இது. பேக்கரி முட்டை பஃப்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தமிழ் எழுத்துதான் இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிறது.

அதையும் கொஞ்சம் பேசிவிடலாம். க, ச, ட, த, ப என்ற எழுத்துகளின் மெலிந்த ஒலிக்கும் வலிந்த ஒலிக்கும் தமிழில் தனித்தனி எழுத்து கிடையாது. அதனால் மரப்பட்டையும் பூங்காவும் ஒரே 'பார்க்'. ஒட்டும் பசையும் துப்பும் ஒரே 'க்ளூ'. ஷூவின் அடிப்பாகத்தைச் சுற்றித் தைக்கும் தோல்பட்டையும் இரும்பைப் பற்றவைப்பதும் ஒரே 'வெல்ட்'. ஷூ கம்பெனியில் காதால் மட்டுமே சொல்லைக் கற்ற பெற்றோரின் பிள்ளை, பட்டை என்று எழுத வேண்டிய இடத்தில் பூங்காவை எழுதினால் அது மந்தம் அல்ல. அந்தப் பிள்ளைக்குச் சொல் தெரியும், பயன் தெரியும். எந்த எழுத்து என்பது மட்டும்தான் பாக்கி. மற்ற பிழைகளோடு சேர்த்துச் சிவப்பு மையால் சுழிப்பதற்கு முன்னால் இதைப் பிரித்துப் பாருங்கள்.

ஷூ கம்பெனிக்கு வந்தால், ஷூவே ஓர் உடம்பு. அதற்குக் கால்விரல் உண்டு, குதிகால் உண்டு, நாக்கு உண்டு. தொண்டையும் இடுப்பும்கூட உண்டு. அதன் பின்பக்கத் துண்டுகளுக்கு 'குவார்ட்டர்' என்று பெயர். ஒவ்வொரு ஷூவிலும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, ஜோடிக்கு நான்கு. தோலை வெட்டும் பிரிவு கட்டிங். ஆக, ஆம்பூரில் ஒருவர் 'குவார்ட்டர் கட்டிங்' பார்க்கிறேன் என்று சொன்னால் அது கௌரவமான வேலை. மற்ற ஊர்களில் அதே இரண்டு சொல்லுக்கு என்ன பொருள் என்று டாஸ்மாக் வாசலில் கேட்க வேண்டியதில்லை. 2010-இல் 'வ குவார்ட்டர் கட்டிங்' என்று ஒரு படமே வந்துவிட்டது. குதிகாலைத் தாங்க உள்ளே வைக்கும் விறைப்பான துண்டு 'கவுன்டர்'. பஸ் ஸ்டாண்டில் கவுன்டர் என்றால் டிக்கெட் தரும் இடம். மாணவர்கள் மொழியில் கவுன்டர் என்றால் வெடுக்கென்று திருப்பிக் கொடுக்கும் பதில். தோல் வெட்டுபவருக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'கிளிக்கர்'. கத்தி எழுப்பும் ஓசையால் வந்தது. கணினியில் எலியைத் தட்டுவதும் கிளிக்தான், அதுவும் ஓசையால்.

ஷூவின் முன்பக்கத் தோலுக்கு 'வேம்ப்' என்று பெயர். முன்பாதத்தைக் குறித்த பிரெஞ்சுத் தொடர் இப்படிச் சுருங்கியது. பழைய சினிமாவில் வேம்ப் என்றால் நாயகனை மயக்க வரும் கவர்ச்சி வில்லி. அது 'வேம்பயர்' என்ற ரத்தக்காட்டேரியின் குறுக்கம், ஷூவுக்கு உறவில்லை. ஆனால் பெங்களூர் கம்பெனிகளில் வெப்சைட்டை 'ரீவேம்ப்' செய்கிறோம் என்று சொல்கிறார்களே, அது அசல் செருப்புத் தைப்பவரின் சொல். தேய்ந்த ஷூவுக்கு முன்தோலை மாற்றிப் புதுப்பிப்பதுதான் ரீவேம்ப். ஆம்பூரைச் சுற்றிய கிராமங்களில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலை ஊசியால் கோத்துத் தைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மென்பொருள் படித்துவிட்டு வரும் அவர்களுடைய பிள்ளைகள் அலுவலகத்தில் நாள்தோறும் கேட்கப்போகும் சொல், அம்மா கையில் இருக்கும் துண்டின் பெயரிலிருந்து பிறந்தது என்பதை வகுப்பில் யாராவது சொல்ல வேண்டும்.

'ஹைடு' என்றால் பெரிய விலங்கின் தோல், ஒளிந்துகொள்வதும் ஹைடு. ஆடு போன்ற சிறிய விலங்கின் தோல் 'ஸ்கின்'. கைப்பேசி விளையாட்டில் வீரனுக்கு மாட்டும் புது உடுப்பும் ஸ்கின்தான் என்பது உங்களைவிட உங்கள் மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஸ்கின் என்பதை வினையாக்கினால் தோல் போர்த்துவது அல்ல, தோலை உரிப்பது. மரப்பட்டையைக் குறிக்கும் சொல்லை வினையாக்கினாலும் அதே கதை: பட்டையை உரிப்பது. அடி வாங்கப் போகும் பிள்ளையிடம் தமிழில் 'தோலை உரிச்சிடுவேன்' என்பார்கள். ஆங்கிலத்தில் 'டேன் யுவர் ஹைடு'. தமிழ் உரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறது; ஆங்கிலம் பதனிட்டே அனுப்பிவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009 வந்த பிறகு பள்ளிக்கூடத்தில் இரண்டுக்கும் அனுமதி இல்லை.

இவ்வளவும் தொழிற்சொற்கள்தானே, சின்னச் சொல் எங்கே என்று கேட்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு; 430 பொருள். பிறகு திருத்திய பதிப்பில் 'ரன்' அதை முந்தியது. அந்த ஒரு வினைக்கு மட்டும் 600-க்கும் மேற்பட்ட பொருள். சொல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு வேலை. தோல் ஷாப்பில் மெஷின் ரன் ஆகும், ஆர்டர் ரன்னிங்கில் இருக்கும், மழையில் நனைந்த ஷூவின் சாயமும் ரன் ஆகும். சாயம் அப்படி இறங்கக் கூடாது என்பதற்காகப் பரிசோதனைக் கூடத்தில் தேய்த்துப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையின் பெயர் 'ரப் ஃபாஸ்ட்னெஸ்'. 'ஃபாஸ்ட்' என்றால் வேகம் என்று மட்டும் படித்த பிள்ளை இங்கே திகைத்து நிற்கும். ஃபாஸ்டான பையன் ஓடுவான். ஃபாஸ்டான சாயம் ஓடவே ஓடாது. ஃபாஸ்ட் என்பதன் பழைய பொருள் உறுதி. உறுதியாக, விடாப்பிடியாக ஓடுவதிலிருந்து வேகம் பிறந்தது. ரமலானில் வாணியம்பாடியும் மேல்விஷாரமும் நோற்கும் ஃபாஸ்ட்டும் அதே உறுதியிலிருந்து வந்ததுதான்: மனத்தை இறுகப் பிடிப்பது. காலை உணவான பிரேக்ஃபாஸ்ட், இரவு முழுக்க இருந்த நோன்பை முறிப்பது.

சில சொற்கள் இந்த வட்டாரத்தில் விளையாட்டாக மட்டும் இருந்ததில்லை. 'ஆர்டர்' அதில் ஒன்று. வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10-இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்குக் காரணமான படை ஆர்டர், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டாயமாக்கியது. இன்றைக்கு ஆர்டர் என்றால் ஜெர்மனியிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ வரும் கொள்முதல் கடிதம். அது வந்தால் ஓவர்டைம், வராவிட்டால் ஆட்குறைப்பு. 1996 ஆகஸ்ட் 28-இல் வந்தது வேறு ஆர்டர். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பாலாற்றைக் கெடுத்த டேனரிகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்க வழி செய்யாதவை இயங்கக் கூடாது என்றது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது.

அந்தத் தீர்ப்போடு ஊருக்குள் பரவலாகப் புழங்கத் தொடங்கியது 'பிளான்ட்'. சுத்திகரிப்பு நிலையத்துக்கு அதுதான் பேச்சுப் பெயர். ஒரே சொல் செடிக்கும் ஆலைக்கும் எப்படி வந்தது? நடுவது என்ற வினைதான் மூலம். செடியை நடுவது போல இயந்திரத்தையும் ஓரிடத்தில் ஊன்றுவதால் இரண்டாவது பொருள் பிறந்தது. உப்பேறிய நிலத்தில் பயிர் வராமல் போன விவசாயியின் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு பிளான்ட்டையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டும்போது, அது வெறும் இரட்டைப் பொருள் விளக்கமாக இருக்காது. 'குளோசிங்' என்பதும் அப்படி. ஷூ கம்பெனியில் அது மேல்தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் பிரிவு. அதே சொல் தீர்ப்புக்குப் பிந்தைய செய்திகளில் பல குடும்பங்களின் வருமானம் நின்றுபோனதைக் குறித்தது. 'ட்ரீட்மென்ட்' என்றால் வேலூரில் முதலில் நினைவுக்கு வருவது 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி, சி.எம்.சி. ஆக வளர்ந்த மருத்துவமனை. பிளான்ட்டிலும் ட்ரீட்மென்ட் நடக்கிறது, கழிவுநீருக்கு. பாஸான பையனிடம் நண்பர்கள் கேட்பதும் ட்ரீட்தான். கையாளுவது என்ற ஒரே லத்தீன் வேரிலிருந்து மருத்துவம், சுத்திகரிப்பு, விருந்து மூன்றும் வந்திருக்கின்றன.

அரசு நடவடிக்கையால் ஊரின் வாயில் ஏறிய சொல்லும் உண்டு. 1972-இல் சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, பாதி பதனிட்ட தோலை அப்படியே அனுப்புவதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. 'செமி ஃபினிஷ்ட்', 'ஃபினிஷ்ட்' என்ற பிரிவு ஏற்றுமதியாளரின் தலையெழுத்தை முடிவு செய்யும் பிரிவானது. ஃபினிஷ் என்றால் முடிப்பது. தோலில் ஃபினிஷ் என்பது மேலே ஏற்றும் மெருகுப் பூச்சும்கூட. அதனால் 'ஃபினிஷ் இன்னும் ஃபினிஷ் ஆகவில்லை' என்று ஒரு மேஸ்திரி சொன்னால் அவர் சொல்வது முழுக்கச் சரியான வாக்கியம்.

இவற்றையெல்லாம் வகுப்பில் எப்படிப் பிரித்துக் கொடுப்பது? கருவி தமிழிலேயே இருக்கிறது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், பலபொருள் ஒருசொல்லை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. கூட வரும் வினையே பொருளைக் காட்டிக்கொடுப்பது ஒரு வகை. வினை வந்தும் பொருள் தெளியாதது மற்றது. உரையாசிரியர்கள் 'மா' என்பதை உதாரணம் காட்டுவார்கள். மா பூத்தது என்றால் மரம் என்று தெரிந்துவிடும். மா வீழ்ந்தது என்றால் மரமா, விலங்கா? அப்போது சொல்பவர்தான் விளக்கிச் சொல்ல வேண்டும். 'சோல்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சோல் பிய்ந்தது என்றால் ஷூவின் அடித்தோல். சோலைப் பொரித்தார்கள் என்றால் தட்டை மீன். செருப்பின் வடிவில் இருந்ததால் லத்தீனில் மீனுக்கும் அதே பெயர். சோல் நன்றாக இருக்கிறது என்றால்? எந்தக் கடையில் நிற்கிறோம் என்று கேட்டால்தான் தெரியும்.

வினையே குழப்பம் செய்யும் சொல்லும் உண்டு. பேக்கிங் பிரிவிலிருந்து 'ஹண்ட்ரட் பேர்ஸ் லெஃப்ட்' என்று ஒரு மெயில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு ஜோடி கிளம்பிவிட்டதா, நூறு ஜோடி மிச்சம் இருக்கிறதா? கப்பல் புறப்படும் நாளில் இந்த இரண்டுக்கும் நடுவில் லட்சக்கணக்கான ரூபாய் இருக்கிறது. இதில் இடது கால் வேறு குறுக்கே வரும். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் பெரும்பாலான ஷூக்கள் இடம் வலம் பாராமல் ஒரே அச்சில்தான் செய்யப்பட்டன. அந்தக் குழப்பமாவது அவர்களுக்கு இல்லை. 'ஆர்' என்ற ஒரு துணைவினையைச் சேர்த்து எழுதினால் மெயில் தெளிந்துவிடும். துணைவினை எதற்கு என்று கேட்கும் பத்தாம் வகுப்பு மாணவருக்கு இதைவிட நல்ல பதில் கிடைப்பது கடினம்.

மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, மாணவர்களிடம் ஒரு சொல் நோட்டு தொடங்கச் சொல்லுங்கள். வீட்டிலும் தெருவிலும் கேட்ட ஆங்கிலச் சொல் ஒன்று, அங்கே அதன் பொருள், அகராதியில் இருக்கும் இன்னொரு பொருள், இரண்டையும் வேறுபடுத்தும் இரண்டு வாக்கியங்கள். ஆம்பூரில் உருதுவும் தெலுங்கும் பேசும் வீடுகளும் உண்டு. அந்த மொழிகளில் அதே கருவிக்கு என்ன பெயர் என்று ஒரு பத்தி சேர்த்தால் நோட்டு இன்னும் கனக்கும்.

இரண்டாவது, யார் வீட்டில் யார் தோல் வேலை செய்கிறார்கள் என்று வகுப்பில் கை தூக்கச் சொல்லாதீர்கள். இந்தத் தொழிலோடு சாதியின் பெயரால் ஒட்டவைத்த இழிவு இன்னும் முழுதாகக் கழியவில்லை. அப்பாவின் வேலையை மறைக்கும் பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். சொல்லைக் கேளுங்கள்; வீட்டைக் கேட்க வேண்டாம். வேம்ப் என்ற சொல்லுக்குச் சரியான பொருள் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று தெரிகிற நாளில், அந்தப் பிள்ளை தானாக வாய் திறந்தால் திறக்கட்டும்.

மூன்றாவது, வேலை தெரிந்தவர் ஒருவரை ஆண்டுக்கு ஒரு முறையாவது வகுப்புக்கு அழையுங்கள். ஓய்வுபெற்ற கட்டிங் மாஸ்டர், லாஸ்டிங் பிரிவில் பல வருடம் நின்ற அம்மா, ஆவாரம்பட்டைக் காலத்தை நேரில் பார்த்த பெரியவர், யாராக இருந்தாலும் சரி. மேசைமேல் ஒரு பழைய ஷூவைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்ல, மாணவர்கள் எழுத, எழுத்துப்பிழையை நீங்கள் திருத்துங்கள். நோட்டு நூறு சொல்லைத் தாண்டினால் தட்டச்சு செய்து பள்ளி நூலகத்துக்கு ஒன்றும், சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒன்றும் அனுப்பிவையுங்கள். 1948-இல் தொடங்கி இன்றுவரை தோலை ஆராயும் நிறுவனம் அது; தோலின் சொற்களைப் பள்ளிப் பிள்ளைகள் தொகுத்து அனுப்பினால் படித்துப் பார்க்க அங்கே ஆள் இருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகர்